விதிநூலும் சொற்பொருளும்: வேடமேற்பு விளையாட்டுக்களின் சொல்லாட்சி குறித்து ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கச்சான் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஆண்டின் நடுப்பகுதியில் தரைப்பக்கமிருந்து வீசும் வறண்ட காற்றும் கச்சான். மாலையில் கடற்கரையிலே கடதாசிச் சுருளில் விற்கப்படும் நிலக்கடலையும் கச்சான். காற்று வீசும், கடலை வறுபடும். வினைச்சொல் வந்ததும் ஐயம் நீங்கிவிடுகிறது. கயிறு விட்டு ஆழம் பார்க்கும் மீனவருக்குப் பாகம் என்பது ஓர் அளவு. பங்கு பிரிக்கும்போது அதுவே பகுதி. பலபொருள் ஒருசொல் நம் இலக்கண மரபு அறியாததன்று. ஆகவே, ஒரு சொல் பல பொருள் தருவதே குற்றம் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அத்தகைய சொல் எச்சூழலில் இடராகின்றது என்பதே இங்கு வினா. இதனை ஆராய்வதற்கு மேசையைச் சுற்றியமர்ந்து ஆடப்படும் வேடமேற்பு விளையாட்டுக்களின் விதிநூல்கள் வாய்ப்பான சான்றுகளாகும்.

இவ்விளையாட்டில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாகித் தம் செயலை வாயாற் கூறுவர். நடுவர் ஒருவர் உலகையும் எதிரிகளையும் விவரிப்பார். ஐயமான செயல்களின் முடிவைப் பகடை கூறும். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' இவ்வகையின் முதல்நூல் எனக் கொள்ளப்படுகிறது.

அந்நூல்வழி வந்த சொற்களுள் 'லெவல்' என்பதே தலையாய சிக்கல். பாத்திரத்தின் வளர்ச்சி லெவல். மந்திரத்தின் கடுமை லெவல். பூதத்தின் வலிமை லெவல். நிலவறையின் அடுக்கும் லெவல். 1978 இல் வந்த ஆட்டக்காரர் கைநூலின்படி, ஐந்தாம் லெவலை எய்திய பின்னரே மந்திரவாதி மூன்றாம் லெவல் மந்திரத்தைக் கையாளலாம். புதிதாக வாசிப்பவர் மூன்றுக்கு மூன்று எனக் கொள்வது இயல்பு. கச்சானைப் போல இங்கு வினைச்சொல் துணைக்கு வருவதில்லை. நான்கு பொருளும் ஒரே வாக்கியத்தில், ஒரே எண்களோடு நிற்கின்றன.

இதில் நம் கவனத்துக்குரியது, கைகாக்ஸ் இதனை அறியாதவரல்லர் என்பதே. நான்கு பொருள்களையும் அதே கைநூலில் அவரே விளக்குகிறார். பாத்திரம், மந்திரம், பூதம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு சொற்களை வழங்க முதலில் எண்ணியதையும், வழக்கு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டமையால் அவ்வெண்ணத்தைக் கைவிட்டதையும் ஒப்புக்கொள்கிறார். பழகியவர் வசதிக்காகப் பழகாதவர் இடர் பொறுத்துக்கொள்ளப்பட்டது. 2024 இன் திருத்திய பதிப்பிலும் பாத்திரத்தின் லெவலும் மந்திரத்தின் லெவலும் சொல்லால் பிரியவில்லை.

'கிளாஸ்' என்ற சொல்லின் கதையும் இதுவே. போர்வீரன், மந்திரவாதி என்ற தொழிற்பிரிவும் கிளாஸ். கவசத்தின் காப்பளவும் கிளாஸ். (முற்போக்கு வாசகர் இதனை வர்க்கம் எனப் பெயர்க்க விரும்பலாம், ஆயின் அவ்வுலகில் இவ்வர்க்கங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை, கூட்டுச் சேர்ந்து புதையல் தேடுகின்றன.) 1974 இன் விதிப்படி கவசமற்றவனுக்கு 9, முழுக்கவசமும் கேடயமும் தரித்தவனுக்கு 2; எண் குறையக் காப்பு மிகும். எனவே கேடயத்தின் மேல் எழுதப்பட்ட கூட்டற்குறி கணக்கிலே கழித்தலாயிற்று. 2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பே இதனைத் தலைகீழாக்கிச் சீர்செய்தது.

இக்கவச அளவீட்டைத் தாம் கடற்போர் விளையாட்டொன்றின் விதிகளிலிருந்து எடுத்ததாக ஆர்னெசன் பிற்காலத்தில் கூறியுள்ளார். அடியைத் தாங்கும் புள்ளிகளும் அவ்வழி வந்தவையே. துறைமுகத்தவர்க்கு இது எளிதில் விளங்கும். 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலை குண்டுவீச்சுக்குள்ளாகியபோது, துறையைவிட்டு வெளியேறியிருந்த விமானந்தாங்கி 'ஹேர்மீஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் பல குண்டுகளை ஏற்றே மூழ்கியது. கப்பலுக்கு அடிகளை எண்ணலாம்; மனித உடலுக்கு எண்ணலாமா? எண்ண இயலாதென்பதை உணர்ந்தே போலும், அப்புள்ளிகள் உடற்காயம் மட்டுமல்ல, திறனும் நற்பேறும் தெய்வத்துணையும் சேர்ந்தவை என 1979 இன் நடுவர் நூல் விளக்குகிறது. ஆயின் அவற்றை மீட்கும் மந்திரத்தின் பெயரோ காயமாற்றுதல் என்பது. பொருளைத் திருத்திவிட்டுப் பெயரைத் திருத்தாத விளக்கம் அரைவிளக்கமே.

நம் வீட்டுத் திண்ணைத் தாயத்தில் ஆட்டத்தின் பெயரும் தாயம், ஒன்று விழுவதும் தாயம். எவரும் மயங்குவதில்லை, கட்டமும் காயும் கண்முன் உள்ளன, ஆச்சியோ அம்மம்மாவோ அருகிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார். வேடமேற்பு விளையாட்டிலோ பெரும்பாலும் கட்டமில்லை. நிகழ்வதெல்லாம் சொல்லிலேயே நிகழ்கிறது. நூலை மட்டும் துணைக்கொண்டு தொடங்கும் குழுவுக்குச் சொல்லே ஆடுகளம். அது தெளிவற்றிருப்பின் தீர்ப்புரிமை முழுவதும் விளக்கம் சொல்வோரிடம் சென்று சேரும். ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் மேசையில் மற்றையோரை ஆளத் தொடங்குவார்.

விதியின் பாடம் எவர் கையிலுள்ளது என்பது இந்நாட்டுத் தமிழ் வாசகருக்குப் புதிய வினாவன்று. சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் வெளிவரவேண்டுமென்ற 1978 அரசியலமைப்பு, பாடங்களிடையே முரண் எழுந்தால் சிங்களப் பாடமே மேலோங்கும் என்றும் விதித்தது. மேலோங்கும் பாடம் எதுவென்பதைச் சட்டமியற்றும் வேளையில் பாராளுமன்றம் தீர்மானிக்கலாம் என்ற மாற்றம் 1988 இன் 16 ஆவது திருத்தத்தால் வந்தது. விளையாட்டையும் அரசியலமைப்பையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. மயக்கமான சொல் எப்போதும் ஒருவருக்குப் பயன்படுகிறது என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்விளையாட்டுக்களைத் தமிழில் ஆட முயல்வோர் செய்யத்தக்கது யாது? திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணியாற்றிய விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னைக் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அறிவியலுக்கு அன்று காட்டிய அக்கறை விளையாட்டுக்குத் தேவையில்லை எனக் கருதுவோர், இளைஞர் மொழியை எங்கே பழகுகின்றனர் என்பதை மறந்தவராவர். லெவல் என்பதை நான்கிடத்தும் 'நிலை' என மொழிபெயர்ப்பதே இன்று எளிதாகத் தோன்றும் வழி. அது தவறு. வழக்கு நிலைபெற்றுவிட்டது என்ற கைகாக்ஸின் சமாதானம் நமக்கில்லை. நமக்கு இவ்விடயத்தில் வழக்கே இல்லை. பாத்திரத்துக்குத் தரம், மந்திரத்துக்குப் படி, பூதத்துக்கு வலு, நிலவறைக்கு அடுக்கு எனப் பிரித்தாள நம்மைத் தடுப்பது எதுவுமில்லை. அடிப்புள்ளியை உயிர்ப்புள்ளி என்னாது தாங்குபுள்ளி எனலாம். கப்பலின் நினைவும் அதில் தங்கும்.

நடுவரை அண்ணாவியார் என அழைக்கலாமென நண்பரொருவர் கூறினார். கிழக்கிலங்கைக் கூத்து மரபை நேசிப்போருக்கு இனிக்கும் யோசனையே. எனினும் அண்ணாவியார் கையில் ஏடு உண்டு, கதையின் முடிவு ஆடுவோர்க்கும் தெரியும். இங்கு முடிவு எவருக்கும் தெரியாது. நடுவர் என்ற சொல்லே போதுமானது.

'டேர்ன்' என்பதற்கே இன்னும் விடை காணவில்லை. 1970களின் பிற்பகுதியில் வந்த விதிகளில் அது பத்து நிமிடக் கால அளவு. பேய்களைச் சமயகுரு விரட்டும் செயலும் அதுவே. அன்றாட ஆங்கிலத்தில் ஒருவர் ஆடும் தவணை. தமிழில் 'முறை' என்போமாயின் ஒழுங்கு, உறவு, நீதி யாவும் கூடவே வந்துவிடும். தவணைக்கு மட்டும் முறையை ஒதுக்கிவிட்டு, பத்து நிமிடத்தைப் பத்து நிமிடம் என்றே எழுதிவிடலாம்.