இரவல் சொல்லில் ஜெபம்

காவேரிப்பட்டினத்திலிருந்து வாசக நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கிறிஸ்தவர், நாவல்களோடு காவியங்களும் படிக்கிறவர். "பிறர் எழுதி வைத்த ஜெபத்தைப் படிப்பதில் உள்ளம் எப்படி ஒட்டும்? 'இரட்சணிய யாத்திரிக'த்தின் பிரார்த்தனைகளும் ஆழ்வார்களிடம் வாங்கிய இரவல்தானே?" என்பது அவர் கேள்வி.

சந்தேகம் புதிதல்ல. 1660-ல் சிறை புகுந்த ஜான் பன்யன், பிறர் எழுதிய ஜெபத்தைப் படிப்பது ஆவியோடு ஜெபிப்பதாகாது என்று நீதிபதிகளிடமே வாதாடினார். இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தை அவர் ஏற்கவில்லை. 1678-ல் வந்த அவருடைய 'மோட்ச பிரயாண'த்தைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-ல் தம் காவியத்தை வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், பிள்ளையவர்கள் அதே ஜெபப் புத்தகம் வழங்கிய சபையைச் சேர்ந்தவர்!

சொந்தச் சொல்லில் பேசிவிட்டால் உண்மை வந்துவிடுமா? லூக்கா சுவிசேஷத்துப் பரிசேயன் எந்தப் புத்தகத்தையும் பார்த்துப் படிக்கவில்லை. சொந்தச் சொல்லில்தான் தன் பெருமையை அளந்தான். சிலுவையில் இயேசு கூவியதோ 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. பழைய பாட்டின் வரிதான். அதைப் பொய் என்று யார் சொல்லத் துணிவார்கள்?

1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். முப்பது வயது வரை ஆழ்வார் தமிழில் உருகிய மனம், வேறு எந்தத் தமிழில் அழும்? மனிதன் மதம் மாறலாம். அழுகிற பாஷையை அவ்வளவு சுலபமாக மாற்றிக்கொள்ள முடியாது. அவருடைய தேவாரப் பாடல்கள் என்னைத் தொடுவதற்கு அதுவே காரணம். கம்பனை மனத்தில் வைத்து அவர் வருணிக்கும் இடங்கள் எனக்கு வெறும் புலமையாகப் படுகின்றன. அங்கே அவர் சபையோரைப் பார்க்கிறார். தேவாரங்களில் அப்படிப் பார்க்கவில்லை.

கதை எழுதும் நாங்களும் இதைக் கவனிக்க வேண்டும். நம் கதாநாயகிகள் சுவாமி படத்தின் முன் நின்று, அதுவரை நடந்த கதையையெல்லாம் ஒப்பிக்கிறார்கள். கடவுளுக்குத் தெரியாதா அந்தக் கதை? வாசகருக்காக அல்லவா அது சொல்லப்படுகிறது!

நண்பருக்கு என் பதில் இதுதான்: சொல் யாருடையது என்று கேட்க வேண்டாம். சொல்லுகிறவர் கண் யார்மேல் இருக்கிறது என்று பாருங்கள்.