மேடையும் வகுப்பும்: பெர்க்லீ ஆசிரியர்களை முன்வைத்து

1960களில் ஆலன் டாசன் பகலில் பாஸ்டன் நகரத்து பெர்க்லீ இசைப் பள்ளியில் டிரம்ஸ் சொல்லிக்கொடுப்பார். இரவில் நகருக்கு வடக்கே, பீபடி என்ற ஊரின் நெடுஞ்சாலையோரத்தில் இருந்த லென்னீஸ் கிளப்பில் வாசிப்பார். வெளியூரிலிருந்து பெரிய ஜாஸ் கலைஞர் யாராவது அங்கே வாசிக்க வந்தால், அவருக்குப் பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் டாசன்தான். ராத்திரி கச்சேரியில் என்ன சரியாக அமைந்தது, எங்கே இடறியது என்பதெல்லாம் மறுநாள் பாடத்துக்கு வரும்போதும் அவர் காதில் இருந்திருக்கும். தொழில்முறைக் கலைஞர்களே எங்கள் ஆசிரியர்கள் என்று இன்று பல நாடுகளில் நவீன இசைக் கல்லூரிகள் விளம்பரம் செய்கின்றன. அந்த ஏற்பாட்டுக்கு டாசனைவிட நல்ல உதாரணம் சொல்வது கடினம். அவர் காலத்தில் அது எதனால் பலித்தது, இன்று அதே பெயரில் விற்கப்படுவதும் அதே சரக்குதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் இது யாரும் யோசித்து வகுத்த கொள்கை அல்ல. லாரன்ஸ் பெர்க் 1945-ல் ஷில்லிங்கர் ஹவுஸ் என்ற பெயரில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். 1954-ல் மகன் லீயின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துப் பெர்க்லீ ஆக்கினார். அன்றைய அமெரிக்க இசைக் கல்லூரிகளுக்கு ஐரோப்பியச் செவ்வியல் இசைதான் இசை. ஜாஸும் நடனக் குழு இசையும் பெரும்பாலும் படிப்பாகவே மதிக்கப்படவில்லை. அந்தத் துறையில் பட்டம் என்பதே அரிதாக இருந்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு எங்கே போவது? குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பாடப் புத்தகமும் கிடையாது. கிதார் துறைக்கு வந்த வில்லியம் லீவிட் தானே எழுத உட்கார்ந்தார். 1966-ல் முதல் பாகம் வெளிவந்த அவருடைய கிதார் முறைநூல் இன்றும் உலகெங்கும் விற்கிறது. வேறு ஆள் இல்லை என்ற நெருக்கடியில் செய்ததைப் பின்னாளில் தத்துவமாக்கிக்கொண்டார்கள். அதில் தப்பில்லை, நல்ல பழக்கங்கள் பல அப்படித்தான் வந்திருக்கின்றன.

டாசன் என்ன செய்தார் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டெட் ரீட் எழுதிய 'சிங்கோபேஷன்' எந்தக் கடையிலும் கிடைக்கும் எளிய தாளப் பயிற்சிப் புத்தகம். பல ஆசிரியர்கள் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கவைத்து முடித்துவிடுவார்கள். டாசன் அதில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வார். வலது கை சிம்பலில் ஓடிக்கொண்டிருக்க, அந்த வரியை இடது கையில் வாசிக்க வேண்டும். பிறகு அதே வரி காலுக்குப் போகும். பிறகு நெட்டைச் சுரங்கள் ஒரு கைக்கும் குட்டைச் சுரங்கள் இன்னொரு கைக்குமாகப் பிரியும். இப்படி ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வேலை வாங்கலாம். இதற்கெல்லாம் மேலே, தனி வாசிக்கும்போது பாட்டின் மெட்டை மாணவன் வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த நமக்கு வாயும் கையும் சேர்ந்து வேலை செய்வது புதிதல்ல. ஆனால் டாசன் பாடச் சொன்னது சொற்கட்டை அல்ல, மெட்டை. முப்பத்திரண்டு அளவுகள் கொண்ட ஒரு பாட்டில் தான் எங்கே நிற்கிறோம் என்பதை டிரம்ஸ்காரர் தவறவிட்டால், முன்னால் நிற்கும் சாக்ஸபோன்காரரின் கதி என்ன என்பது இரவுதோறும் பக்கவாத்தியம் வாசித்தவருக்குத் தெரியும். அந்த அனுபவம்தான் பயிற்சியாக மாறியது. மேடை அறிவு வகுப்புக்கு வருவது என்றால் இதுதான். மேடைக் கதைகளைச் சொல்லி மாணவர்களைச் சிரிக்கவைப்பதை யாரும் செய்யலாம்.

பலன் ஊரறிந்தது. டோனி வில்லியம்ஸ் சிறுவனாக டாசனிடம் கற்றவர். 1963-ல் பதினேழு வயதில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தார். டெரி லின் கேரிங்டனும் வின்னி கொலையூட்டாவும் டாசனிடம் பயின்றவர்கள்.

கல்லூரிக் கையேடுகள் பேசாத ஒரு விஷயம் இதில் உண்டு. பெர்க்லீயின் ஆகச் சிறந்த ஆசிரியர்கள் என்று சொல்லத்தக்கவர்களில் பலர் ஊர் ஊராகச் சுற்றுவதை விட்டுவிட்டுப் பாஸ்டனில் தங்கியவர்கள். ஹெர்ப் பாமராய் சார்லி பார்க்கரோடு டிரம்பெட் வாசித்தவர், லயனல் ஹாம்ப்டன், ஸ்டான் கென்டன் குழுக்களோடு பயணம் செய்தவர். 1955-ல் ஆசிரியராக வந்தவர் நாற்பது ஆண்டுகள் நகரவில்லை. மிக் குட்ரிக் 1970களில் கேரி பர்ட்டன் குழுவில் கிதார் வாசித்துவிட்டு, கற்பிப்பதையே பெருந்தொழிலாக்கிக்கொண்டார். 1987-ல் வந்த அவருடைய 'தி அட்வான்சிங் கிட்டாரிஸ்ட்' ஒற்றைத் தந்தியில் மட்டும் வாசித்துப் பார் என்று தொடங்கும், விடைகளைத் தராமல் ஆளைத் தேடவிடும் விசித்திரமான புத்தகம். மாணவர்களின் குழப்பங்களோடு பல காலம் உட்கார்ந்திருந்தவரால்தான் அப்படி எழுத முடியும். விமானத்துக்கும் விமானத்துக்கும் நடுவே வகுப்பெடுப்பவருக்கு அது வாய்க்காது.

பர்ட்டனைக் காட்டி இதை மறுக்கலாம். வைப்ரஃபோனில் உலகப் புகழ் பெற்றவர், 1971-ல் பெர்க்லீயில் கற்பிக்க வந்தார், பயணங்களையும் விடவில்லை, நிர்வாகத்திலும் ஏறி 2004-ல் ஓய்வுபெறும்போது கல்லூரியின் நிர்வாகத் துணைத் தலைவராக இருந்தார். பாட் மெதீனியைப் பத்தொன்பது வயதில் அங்கே கற்பிக்க வைத்து, தன் குழுவிலும் சேர்த்துக்கொண்டார். ஓடும் குழு ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் ஆசிரியராக இருந்தால் திறமைசாலிக்கு நேரடியாகக் கதவு திறக்கும் என்பதற்கு இது சாட்சி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பர்ட்டன் காலண்டரையும் பாடத்திட்டத்தையும் ரசித்துச் செய்த அபூர்வப் பிறவி. அவரைப் பார்த்து விதி எழுதக் கூடாது. இரண்டையும் செய்கிறேன் என்று கிளம்பும் பெரும்பாலோருக்கு இரண்டில் ஒன்றுதான் நடக்கும், பெயர் மட்டும் ஆசிரியர் பட்டியலில் இருக்கும்.

குறைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இந்தக் கலைஞர்கள் தாங்கள் கற்றுக்கொண்ட வழியில் கற்பிப்பதில்லை. இசைத்தட்டில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டு, பெரியவர்களோடு மேடையேறி அவமானப்பட்டுக் காதால் பிடித்தவர்கள் அவர்கள். அரை ஆண்டுப் பருவங்களாக வெட்டிய கல்லூரியில் அதை எப்படித் தேர்வு வைப்பது? எனவே ஒவ்வொரு கார்டுக்கும் பொருந்தும் ஸ்கேல் இன்னது என்ற வாய்ப்பாடு முன்னுக்கு வந்தது. வாசிக்கத் தெரிந்தவர் தான் செய்ததைப் பின்னால் திரும்பிப் பார்த்து விளக்க அது நல்ல கருவி. தொடங்குபவன் கையில் அதுவே முதலில் கிடைத்தால், சரியான சுரங்களை வரிசையாக வாசித்துக்கொண்டு போவான், சொல்வதற்கு எதுவும் இருக்காது. 1970களின் நடுவில் பெர்க்லீ மாணவர்கள் கள்ளத்தனமாக அச்சிட்டுவிற்ற 'ரியல் புக்' பாட்டுத் தொகுப்பு இந்தப் போக்குக்கு வேகம் கொடுத்தது. இசைத்தட்டைக் கேட்காமலே பாட்டை வாசிக்கலாம் என்றாகிவிட்டது. பல்லாயிரம் பேருக்கு அது உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதில் தப்பாக எழுதியிருந்த கார்டுகளையும் உலகம் முழுக்க அப்படியே வாசித்தார்கள்.

இன்னொரு குறை, பேசச் சங்கடமானது. இசை வகுப்பு பெரும்பாலும் மூடிய அறையில் இருவர் மட்டும் இருப்பது. அந்த ஆசிரியர் தொழிலிலும் ஆள் என்றால், மதிப்பெண் மட்டுமல்ல, நாளைய வாய்ப்பும் அவர் கையில். யாரைக் குழுவில் சேர்ப்பது, யாரைப் பற்றி யாரிடம் நல்ல வார்த்தை சொல்வது என்பதெல்லாம் அவர் விருப்பம். மேலே பலமாகச் சொன்ன அதே கதவுதான் இங்கே பிடியாக மாறுகிறது. 2017 நவம்பரில் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் பெர்க்லீயில் நடந்த பாலியல் அத்துமீறல்கள் பற்றி எழுதியது. அதையடுத்து மாணவர்கள் முன் பேசிய கல்லூரித் தலைவர் ரோஜர் பிரவுன், பதின்மூன்று ஆண்டுகளில் பதினோரு ஆசிரியர்கள் இத்தகைய காரணங்களுக்காக நீக்கப்பட்டதை ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே டெரி லின் கேரிங்டன் தலைமையில் ஜாஸும் பாலின நீதியும் என்ற நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. புகழ்பெற்றவரை வேலைக்கு எடுக்கும் எந்தக் கல்லூரியும், அவர்மேல் புகார் வந்தால் தன் விளம்பரத்தைத் தானே கிழிக்கும் துணிச்சல் உண்டா என்று முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

இனிப் பணம். டாசனின் பகலையும் இரவையும் இணைத்தது பாஸ்டன் சுற்றுவட்டாரத்தின் கிளப்புகள். பாமராய் தன் பெரிய குழுவோடு வாசித்த ஸ்டேபிள் கிளப்பின் கட்டடம் 1960களின் தொடக்கத்தில் நெடுஞ்சாலைக்காக இடிபட்டது. லென்னீஸ் 1971-ல் தீப்பிடித்து எரிந்தது. 1947-ல் தொடங்கிய வாலீஸ் கஃபே, பெர்க்லீ மாணவர்கள் வாசித்துப் பழகும் இடமாக, தப்பிப் பிழைத்திருக்கிறது. உள்ளூர் இரவு வேலை சுருங்கச் சுருங்கக் கணக்கு தலைகீழானது. முன்பு கச்சேரி சோறு போட்டது, கற்பித்தல் கூடுதல் வருமானம். இப்போது பலருக்குக் கற்பித்தல்தான் சோறு. கச்சேரி, வேலையைத் தக்கவைத்துக்கொள்ளத் தன்விவரக் குறிப்பில் காட்டும் வரி. ஆண்டுக்கு 40,000 டாலருக்குமேல் கல்விக் கட்டணம் கட்டும் மாணவன் எந்தத் தொழிலுக்குத் தயாராகிறானோ, அந்தத் தொழிலில் இருப்பவர்களை அவன் கட்டும் கட்டணமே தாங்கிப்பிடிக்கிறது. படித்து முடித்தவன் தானும் ஆசிரியராகப் போவான். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேரும் நாளிலேயே அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய சேதி.

இவ்வளவுக்கும் பிறகு, மேடையை அறவே விட்ட ஆசிரியர்களை வைத்துக் கல்லூரி நடத்தலாமா என்றால், கூடாது என்பேன். சார்லி மரியானோ நினைவுக்கு வருகிறார். பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர், பெர்க்லீயில் கற்பித்தவர். 1960களின் பிற்பகுதியில் மலேசியாவில் நாதஸ்வரம் கேட்டு மயங்கி, பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து அதைக் கற்றார், ஐரோப்பிய ஜாஸ் குழுக்களிலும் வாசித்தார். பேராசிரியர் வயதில் சீவாளி பிடிக்கத் தெரியாத ஆரம்ப மாணவராக உட்கார்ந்த மனிதர். பெர்க்லீயில் அவர் நிலைக்கவில்லை. ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். அப்படிப்பட்டவர்கள் போகத்தான் செய்வார்கள். இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம், தங்குகிறவர்களை நம்பித்தான் பாடத்திட்டம் போட வேண்டும்.

ஆகவே ஆசிரியரின் விருதுகளையும், அவர் எந்த நட்சத்திரத்தோடு வாசித்தார் என்பதையும் கையேட்டில் படிக்கும்போது நான் தேடுவது வேறு தகவல். பருவத்தில் எத்தனை வாரம் ஊரில் இருப்பார்? இல்லாதபோது வகுப்பெடுப்பது யார்? உள்ளூரில் எங்கே, எந்தக் கிழமை வாசிக்கிறார், மாணவன் போய் உட்கார்ந்து கேட்கலாமா? இவற்றை அச்சிட்ட கையேடு எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.