எல்லோருக்கும் ஒரே பட்டியலா? எடைக் குறைப்பு டிப்ஸ் பற்றி ஒரு குறிப்பு

போன வருடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எடைக் குறைப்பு டிப்ஸ் பட்டியல் ஒன்றைப் போட்டது நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், அரிசிக்குப் பதில் சிறுதானியம், வாரம் மூன்று நாள் கொள்ளு ரசம், தினமும் பத்தாயிரம் அடி நடை, சாப்பாட்டுக்கு முன்னால் ஆப்பிள் சைடர் வினிகர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு. நான்கு மாதத்தில் நான் 82 கிலோவிலிருந்து 75-க்கு வந்திருந்தேன். ஜெயித்தவன் பேச்சுக்கு மரியாதை உண்டல்லவா, அந்தத் தெம்பில் போட்டது.

ஆவடியில் இருக்கும் என் அக்கா அதை அப்படியே பின்பற்றினாள். அதே நான்கு மாதம். 71 கிலோ, 69.5 ஆனது. அவ்ளோதான். "நீ நடுவுல ஏதோ வாயில போட்டுக்குற, அதான் இறங்கல" என்று நானே சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அவளுக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா கையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டதால் தப்பித்தாள். வீட்டுக்கு வந்து குளுக்கோமீட்டரில் பார்த்தபோதும் 58 தான். அவள் சர்க்கரைக்கு க்ளிமிபிரைட் சாப்பிடுகிறாள். சாப்பாடு வந்ததா இல்லையா என்று அந்த மாத்திரை பார்க்காது, இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக் கணையத்தை உந்தும். டிபனை நிறுத்தியவள் மாத்திரையை நிறுத்தவில்லை. நான் போட்ட பட்டியலில் மாத்திரை பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் கோட் எழுதுகிறவன், ராத்திரி ஷிஃப்ட். ஆனால் "என் மெஷின்ல ஓடுதே" என்று சொல்லும் ஜூனியரிடம் நான் கேட்கும் கேள்விகளை என்னிடமே கேட்டுக்கொள்ளத் தெரியும்.

முதலில், எனக்கு ஏன் வேலை செய்தது? பட்டினி தொடங்குவதற்கு முன்னால், ராத்திரி பதினொன்றரைக்கு ஆபீஸ் கேன்டீனில் இரண்டு பரோட்டா, சால்னா, சில நாள் ஒரு ஆம்லெட். வருடக்கணக்கான பழக்கம். எட்டு மணி நேரக் கெடு வந்ததும் அது முழுசாகப் போய்விட்டது. குறைந்தபட்சம் 600 கலோரி. பட்டினியில் மந்திரம் ஏதும் இல்லை, பரோட்டா போனதுதான் விஷயம். அக்காவுக்கு? காலையில் இரண்டு இட்லி, மதியம் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியது, ராத்திரி இரண்டு தோசை. அதே கட்டளையை அங்கே ஓட்டினால் டெலீட் பண்ண பெரிதாக எதுவும் இல்லை. போனது அந்த இரண்டு இட்லி. அதுதான் மாத்திரையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

டிப்ஸ் பட்டியல்கள் மீது என் முக்கியமான விமர்சனம் இதுதான். ஒரு டிப்ஸ் வேலை செய்வது, அது எதை நீக்குகிறதோ அது உங்கள் தட்டில் ஏற்கெனவே இருந்தால்தான். பட்டியல் எழுதுகிறவர் தன் தட்டைப் பார்த்து எழுதுகிறார். தன் சாப்பாட்டைத் தானே முடிவு செய்கிற ஆள் என்றும் நம்மைப் பற்றி எடுத்துக்கொள்கிறார். மிச்சம் வீணாகக்கூடாது என்று கடைசியில் சாப்பிட உட்காருகிற பெண்ணை அந்தப் பட்டியல்கள் பார்த்ததே இல்லை.

பட்டினி முறையைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் குவாங்சோவில் நடந்து 2022-ல் வெளியான சோதனையில் 139 பேர். இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஒரு வருடத்தில் கெடு வைத்தவர்கள் சராசரியாக 8 கிலோ, வைக்காதவர்கள் 6.3 கிலோ இறங்கினார்கள். புள்ளியியல்படி அந்த வித்தியாசத்துக்கு எடை இல்லை. அதாவது கடிகாரம் பெரிதாக எதையும் கூட்டவில்லை, வேலை செய்தது குறைந்த சாப்பாடு.

இதற்கு நேர் எதிரான டிப்ஸும் உண்டு: "காலை டிபனை விடவே கூடாது, விட்டால் குண்டாவாய்." 2019-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் 13 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். டிபன் சாப்பிட்டவர்களைவிடச் சாப்பிடாதவர்கள் சராசரியாக 0.44 கிலோ குறைவு. அரை கிலோகூட இல்லை. டிபனைச் சாப்பிடு என்று ஒரு கூட்டமும் விடு என்று ஒரு கூட்டமும் சண்டை போடுவது இந்த அரை கிலோவுக்காகத்தான்.

ஆப்பிள் சைடர் வினிகர் கதை இன்னும் மோசம். லெபனானில் 120 இளைஞர்களிடம் செய்ததாகச் சொல்லி 2024-ல் பிஎம்ஜே குழுமத்தின் ஒரு இதழில் கட்டுரை வந்தது. தினமும் கொஞ்சம் வினிகர், 12 வாரம், 6 முதல் 8 கிலோ குறைவு. உலகம் முழுக்கச் செய்தியானது. எங்கள் குரூப்புக்கும் வந்தது, நானும் ஒரு பாட்டில் வாங்கினேன். எண்களை மறுபடி போட்டுப் பார்த்த நிபுணர்களுக்கு அந்த முடிவு வரவில்லை, தரவிலும் முறைகேடுகள் தெரிந்தன. 2025-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்ற செய்தி எங்கள் குரூப்புக்கு இன்னும் வரவில்லை.

நம்ம ஊர் விஷயங்களுக்கு வருவோம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி போதாதா, ஆராய்ச்சி எதற்கு என்று மாமா ஒருவர் கேட்டார். கொள்ளு நல்ல பயறுதான், புரதமும் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் நூறு கிராமில் முந்நூறுக்கு மேல் கலோரியும் உண்டு. சாதத்தைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலாக வந்தால் சரி. வழக்கமான சாதத்தோடு கூடுதலாக ஒரு ரசமாக வந்தால், ரசம் நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு கரண்டி சாதம் போகும் (எனக்குப் போனது). சிறுதானியமும் அப்படியே. தினை, வரகு எதுவானாலும் அதே எடை அரிசிக்குப் பக்கத்தில்தான் கலோரி. நெய் ஊற்றிய வரகுப் பொங்கல், பொங்கல்தான். வெந்நீரில் போடும் ஒரு பெரிய கரண்டி தேன் அறுபது கலோரி. இதில் எடை எப்படிக் குறையும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லாப் பட்டியலுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது: 7,700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ. இது 1958-ல் மேக்ஸ் விஷ்நோஃப்ஸ்கி என்ற அமெரிக்க டாக்டர் பவுண்டு கணக்கில் சொன்னதன் கிலோ வடிவம். காப்பியில் சர்க்கரையை விட்டுத் தினம் 100 கலோரி குறைத்தால் வருடத்துக்கு 4.7 கிலோ, பத்து வருடத்தில் 47 கிலோ. இருபது வருடத்தில் ஆளே இருக்க மாட்டார். எந்தப் புரோகிராமரும் இந்த லூப்பைப் பார்த்தவுடனே பக் என்பார். எடை குறையக் குறைய உடம்பு செலவழிப்பதும் குறைகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2011-ல் இதைத் திருத்தினார். அவர் மாதிரிப்படி தினமும் 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ இறங்கும், அதில் பாதி இறங்கவே ஒரு வருடம் ஆகும். அப்படியானால் 100 கலோரிக்கு மொத்தமே நாலு கிலோ சொச்சம், முதல் வருடம் இரண்டு. "முதல் மாசம் நல்லா இறங்குச்சு, அப்புறம் நின்னுடுச்சு" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டது இதைப் படித்த ராத்திரிதான்.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் எவ்வளவு? கனடாவில் குளோட் பூஷார் குழு 12 ஜோடி ஒருமுட்டை இரட்டையர்களை 100 நாள் தங்கவைத்து, அதில் 84 நாள் தலைக்கு 1,000 கலோரி கூடுதலாக ஊட்டியது (1990-ல் வெளியானது). சராசரியாக 8.1 கிலோ ஏறியது. ஆனால் ஒருவருக்கு 4.3, இன்னொருவருக்கு 13.3. ஒரே ஜோடிக்குள் ஏற்றம் ஒத்துப்போனது, ஜோடிக்கு ஜோடி மாறியது. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து நடந்த சோதனையில் (2018) ஒரு வருடத்துக்குப் பிறகு கொழுப்பைக் குறைத்த குழு 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்த குழு 6 கிலோ. இரண்டு சராசரியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் இரண்டு குழுவிலும் முப்பது கிலோ வரை குறைந்தவரும் இருந்தார், பத்து கிலோ வரை ஏறியவரும் இருந்தார்.

உடனே "அப்போ எச்சில் எடுத்து மரபணு டெஸ்ட் பண்ணி, எனக்குன்னு ஒரு டயட் வாங்கிக்கலாமா?" என்று கேட்பீர்கள். அதே ஸ்டான்ஃபோர்டு சோதனை அதையும் பார்த்தது. யாருக்கு எந்த உணவுமுறை பொருந்தும் என்பதை அவர்கள் பார்த்த மரபணு வகையும் சொல்லவில்லை, இன்சுலின் சுரப்பும் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் மாறும் என்பது உண்மை. அதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது இப்போதைக்கு வியாபாரம்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் வெளியூர் ஆராய்ச்சி. எனக்கு மிகவும் பயன்பட்டது சென்னையிலேயே நடந்த ஒன்று. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். சராசரி பிஎம்ஐ 25.8, அதாவது ஆவடி லோக்கலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆள். அறிவுரையும் சாதாரணம்தான்: தினம் அரை மணி நேரமாவது நட, சர்க்கரை, மைதா, எண்ணெயைக் குறை, நார்ச்சத்தைக் கூட்டு. மூன்று வருடத்தில், அறிவுரை பெறாத குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. அறிவுரை பெற்ற குழுவில் 39.3 சதவீதம்.

எடை? சொல்லிக்கொள்கிற மாதிரி குறையவில்லை.

நான் இந்த இடத்தில் திரும்பப் போய் இரண்டாம் முறை படித்தேன். 2002-ல் வந்த புகழ்பெற்ற அமெரிக்கத் தடுப்பு ஆய்வில் சராசரி பிஎம்ஐ 34, அங்கே சராசரியாக 5.6 கிலோ இறக்கி நோயை 58 சதவீதம் குறைத்தார்கள். அந்த உடம்புக்கு எழுதிய வெற்றிக் கணக்கு கிலோவில் இருப்பது நியாயம். நம் உடம்பு வேறு. புனேயின் டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்தின் யட்கின் இருவரும் 2004-ல் லான்செட்டில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிடம் 21.2. பார்க்க இருவருமே ஒல்லி. எடை மெஷினில் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

இதை வைத்து "அறிவுரை போதும், மருந்து வேண்டாம்" என்று யாராவது கிளம்பினால் அதுவும் தப்பு. சென்னையில் 578 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் (2016), உணவு, உடற்பயிற்சி வகுப்பு பெற்ற குழுவிலேயே 72 சதவீதம் பேருக்கு மெட்ஃபார்மினும் சேர்க்க வேண்டி வந்தது. அப்படியும் மூன்று வருடத்தில் அந்தக் குழுவில் 25.7 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. மற்றதில் 34.9. உதவுகிறது, ஆனால் எல்லோரையும் காப்பாற்றவில்லை.

அக்காவுக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு, ஆகவே தடுப்பு ஆய்வின் எண்கள் அவளுக்கு நேரடியாகப் பொருந்தாது. அவள் டாக்டர் மாத்திரையை மாற்றினார், டிபனைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நாற்பது நிமிடம் நடக்கிறாள். பத்தாயிரம் அடி கணக்கு எல்லாம் இல்லை (அந்த எண்ணே 1965-ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று தன் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது). மதியம் மிச்சத்துக்குக் காத்திருக்காமல் முதலிலேயே தன் தட்டைப் போட்டுக்கொள்கிறாள். இதற்குத்தான் வீட்டில் சண்டை அதிகம் வந்தது. எட்டு மாதத்தில் எடை 69. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 8.1-லிருந்து 7.2. மாத்திரையா, நடையா, தட்டா எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஒரே ஆள், மூன்று மாற்றம் ஒரே நேரத்தில்.

நான்? கேன்டீனில் பரோட்டா திரும்ப ஆரம்பித்து இப்போது 78. குரூப்பில் யாரும் "நீ திருட்டுத்தனமா சாப்பிடுறியா" என்று கேட்கவில்லை.

பழைய பட்டியலை அழித்துவிட்டேன், ஆனால் ஃபார்வர்டு ஆனவை எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். அது உங்களுக்கு வந்து, உங்கள் வீட்டில் யாராவது க்ளிமிபிரைட் வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் பதினாறு மணி நேர வரியை மட்டுமாவது டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். சிறுதானியம் பற்றி இங்கே அவசரமாகத் தாண்டிவிட்டேன். அது தனிப் பதிவாக வரும்.