ஒளிரும் தட்டுக்கு அப்பால்

இளநிலை மாணவர்களுக்கு மரபணுப் பொறியியலைச் செய்முறையாகக் கற்றுத்தரப் பல நாடுகளில் பயன்படும் சோதனை 'பி-குளோ'. ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்துக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏற்றி இ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துவார்கள். கால்சியம் குளோரைடு கரைசலிலும் பனிக்கட்டியிலும் வைத்துவிட்டு, 42 டிகிரி செல்சியஸில் 50 நொடி சூடேற்றினால் பிளாஸ்மிட் உள்ளே போகும். பிறகு ஊட்டத் தட்டுகளில் பரப்பி வைத்தால், மறுநாள் புற ஊதா விளக்கில் பாக்டீரியா பச்சையாக ஒளிரும்.

இதன் வலிமை நான்கு தட்டுகளின் ஒப்பீட்டில் இருக்கிறது. பிளாஸ்மிட் பெற்ற பாக்டீரியா ஆம்பிசிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தட்டில் வளரும், ஆனால் ஒளிராது. அராபினோஸ் சர்க்கரையும் சேர்ந்தால்தான் ஒளிரும். மரபணு இருப்பது வேறு, அது செயல்படுவது வேறு என்பதை மாணவர் கண்ணால் கண்டு தெளிகிறார். பாதுகாப்பான ஆய்வக வகை பாக்டீரியா என்பதால் அச்சமும் இல்லை.

குறை, எல்லா முடிவுகளையும் சோதனைக்கான கிட்டைத் தயாரித்தவரே எடுத்துவிட்டதில் தொடங்குகிறது. எந்த மரபணு, எந்தப் பிளாஸ்மிட், எவ்வளவு அராபினோஸ் என்று மாணவர் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. அதைவிடப் பெரிய குறை, பாடம் தட்டோடு நின்றுவிடுவது. எடுத்துக்காட்டாக, மனித இன்சுலினை 1978இல் பாக்டீரியாவில் உருவாக்கினார்கள். அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது 1982இல். மரபணுவை நுழைப்பதோடு தொழில் முடிவதில்லை. நொதிகலன் என்னும் பெரிய கலனில் வளர்ப்பதும் புரதத்தைத் தூய்மையாக்குவதும் அதன் பின்னேதான் வருகின்றன.

நொதிகலனுக்குள் இதே பிளாஸ்மிட் வேறு பாடம் சொல்லும். பாக்டீரியா சுரக்கும் நொதி ஆம்பிசிலினைச் சிதைத்துவிட்டால், பிளாஸ்மிட்டை இழந்த செல்களும் பெருகத் தொடங்கும். ஊடகத்தில் குளுக்கோஸ் இருந்தால் அராபினோஸ் போட்டும் மரபணு அடங்கியே கிடக்கும். செல்கள் அடர்ந்தால் ஆக்சிஜன் போதாது. உற்பத்தியைத் தீர்மானிக்கும் இந்தச் சிக்கல்களில் ஒன்றைக்கூடத் தட்டு காட்டாது.

நொதிகலன் விலை அதிகம் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் குலுக்குக் குடுவையே தொடக்கத்துக்குப் போதும். மணிக்கொரு முறை மாதிரி எடுத்து 600 நானோமீட்டரில் கலங்கலை அளக்கலாம். ஒரே மாதிரியை ஆம்பிசிலின் உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் பரப்பி எண்ணினால், எத்தனை செல்கள் பிளாஸ்மிட்டை இழந்தன என்று கணக்கிடலாம். உண்மையான தடை கால அட்டவணைதான்: பாக்டீரியா வளரும் வேகத்துக்கு இரண்டு மணி நேர வகுப்பு ஈடுகொடுக்காது.

ஆகவே பி-குளோவைக் கைவிட வேண்டாம்; அதை முதல் வாரப் பாடமாக்குங்கள். அடுத்த வாரங்களில் அதே பாக்டீரியாவைக் குடுவையில் வளர்க்கவும் புரதத்தைப் பிரிக்கவும் மாணவர்களை விடுங்கள். அதற்காக முழு நாள் ஆய்வக வேளையை ஒதுக்குங்கள். ஒளிர்ந்ததற்கு மட்டுமன்றி, ஒளிராததன் காரணத்தைக் கண்டறிந்ததற்கும் மதிப்பெண் தாருங்கள்.