கைதட்டல் கணக்கில் சேராது

ஓர் ஆட்டக்காரரை அரங்கத்தின் ஆரவாரத்தை வைத்து யாரும் எடைபோடுவதில்லை. ஆட்டத்தின் போக்கை அவர் மாற்றினாரா என்றுதான் பார்க்கிறோம். மேடைப் பேச்சுக்கும் அதே அளவுகோலை வைத்தால், விடுதலைப் போராட்டக் காலத் தமிழ் மேடையில் சுப்பிரமணிய சிவாவை மிஞ்ச ஆள் தேடுவது கடினம். அவர் பேச்சில் அனல் பறந்தது என்று சொல்லிச் சொல்லியே அவருடைய திறமையைப் பாதியாக்கிவிட்டோம். அனல் பறக்கப் பேசியவர்கள் பலர். யாரிடம் எதைப் பேசினால் காரியம் நடக்கும் என்று கணித்தவர் சிவா.

1908 தொடக்கத்தில் தூத்துக்குடி மேடையேறிய இந்த வத்தலக்குண்டு இளைஞருக்கு வயது 23. வ.உ.சி.யும் அவரும் பேசிய கூட்டங்களுக்குக் கோரல் மில் தொழிலாளர்களும் வந்தார்கள். விடிவதற்குள் ஆலைக்கு ஓடி, இருட்டிய பிறகு வீடு திரும்பியவர்கள். வார விடுமுறைகூடக் கிடையாது. அவர்களிடம் சுயராஜ்யம் வேறு, கூலி வேறு என்று சிவா பிரித்துப் பேசவில்லை. பிப்ரவரி 27-இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் முதல் வாரத்திலேயே ஆலையை நடத்திய ஹார்வி நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கும் விடுமுறைக்கும் சம்மதித்தது. ஒரு பேச்சாளரின் கணக்கில் இதைவிடப் பெரிய ஓட்டம் எது?

களத்தை அமைத்தவர் வ.உ.சி., சிவா வெறும் குரல்தானே என்று கேட்கலாம். வ.உ.சி. இல்லாமல் அந்த வெற்றி இல்லை என்பது உண்மை. ஆனால் எதிரணியின் தீர்ப்பைப் பாருங்கள். நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்த இரண்டு தண்டனைகளில் ஒன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு! சிவாவுக்குப் பத்தாண்டு, மேல்முறையீட்டில் அது ஆறாண்டானது. அந்தக் குரலின் எடையை அரசு சரியாகவே அளந்திருந்தது. மார்ச் 13-இல் நெல்லையில் கலவரம் மூண்டு நான்கு உயிர் போனதற்கு அவர் பேச்சே காரணம் என்பாரும் உண்டு. முந்தைய நாளே தலைவர்களைக் கைது செய்துவிட்டார்கள். மக்கள் கொதித்தெழுந்தது அந்தக் கைதைக் கண்டுதான்.

சிறை அவருக்குக் கொடுத்தது தொழுநோய். 1912-இல் விடுதலையான பிறகு, நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். பேச்சாளரை முடக்க அதைவிடக் கொடிய வழியில்லை. புண்பட்ட கால்களோடு நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போனார், பேசினார். அவருடைய சிறந்த ஆட்டம் தூத்துக்குடியில்தான் என்றாலும், நான் அதிகம் மதிப்பது இந்த இரண்டாவது இன்னிங்ஸை.

1925 ஜூலை 23-இல் பாப்பாரப்பட்டியில் அவர் மறைந்தபோது வயது 40.