வெண்மணியும் நினைவின் திரிபும்: ‘குருதிப்புனல்’ நாவலை முன்வைத்து ஒரு திறனாய்வு

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள். திருச்சபைகள் கிறிஸ்து பிறப்பின் ஆராதனையை நிறைவுசெய்திருந்த அன்றிரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியிலிருந்த கீழ்வெண்மணியில், ராமையா என்பாரின் குடிசையில் அடைக்கலம் புகுந்திருந்த 44 பேர் தீக்கிரையாயினர். அனைவரும் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்நிகழ்ச்சியை நாம் அறிவோம் என்கிறோம். ஆனால் நம்மில் பெரும்பாலோர்க்கு அது கண்டறிந்ததன்று. கதையாகவும் படமாகவும் வந்து சேர்ந்தது. ஆகவே அக்கதையை ஆராய்வது நம் நினைவையே ஆராய்வதாகும்.

வெண்மணியை நாவலாக்கியவருள் முதலில் எண்ணத்தக்கவர் இந்திரா பார்த்தசாரதி. அவருடைய ‘குருதிப்புனல்’ 1975இல் வெளிவந்து, 1977இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. 1983இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்னும் திரைப்படத்துக்கும் அடிப்படையாயிற்று. தமிழ் வாசகர் பலர் பேசத் தயங்கிய கொடுமையை நாவலின் நடுவே நிறுத்திய துணிவு பாராட்டுக்குரியது. டெல்லியிலிருந்து வரும் கோபால், சிவா ஆகிய இருவரின் தடுமாற்றங்களினூடே, கிராமத்தின் துயரை வெளியிலிருந்து காணும் படித்தவனின் இயலாமையை ஆசிரியர் நேர்மையுடன் காட்டுகிறார்.

எனினும் நாவலின் மையத்தில் ஒரு குறை உண்டு. மிராசுதார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு வேர் அவருடைய ஆண்மைக் குறைவு என்று அது விளக்குகிறது. கற்பனை உரிமை நாவலாசிரியருக்கு உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. வினா வேறு: இக்கற்பனை நம் நினைவில் என்ன செய்தது?

இவ்விடத்தில் உளவியல் நமக்கு உதவுகிறது. நினைவு என்பது களஞ்சியத்தில் கொட்டிவைத்த நெல்லைப் போன்றதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ‘நினைவுகூர்தல்’ என்னும் நூல் இதை விளக்கிற்று. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர் சிலரைப் படிக்கச் செய்து, பின்னர் சொல்லச் செய்தார் அவர். சொல்லச் சொல்ல, தங்களுக்குப் புரியாதவற்றை அவர்கள் நீக்கினர். எஞ்சியவற்றைத் தங்கள் உலகுக்கு ஏற்றவாறு மாற்றினர். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படமொன்று காட்டப்பட்டது. கார்களின் வேகம் என்னவென்று ஒரு பிரிவினரிடம் ‘மோதின’ என்ற சொல்லாலும், மற்றொரு பிரிவினரிடம் ‘மோதி நொறுங்கின’ என்ற சொல்லாலும் கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆயினும் ஒரு வாரத்திற்குப் பின் அதைக் கண்டதாகக் கூறியவர், முதற்பிரிவில் 50 பேரில் 7 பேர். இரண்டாம் பிரிவில் 50 பேரில் 16 பேர். ஒரு சொல், காணாததைக் கண்டதாக்கிற்று. மேலும், கேட்ட செய்தி நினைவில் நிற்க, அது எங்கிருந்து வந்தது என்பது மறைந்துபோவதும் இயல்பே.

‘குருதிப்புனல்’ அத்தகைய ஒரு சொல்லாயிற்று என்பதே எம் கருத்து. வெண்மணி ஒரு மனிதனின் நோயிலிருந்து பிறந்ததன்று. நெல்லாகக் கொடுக்கப்பட்ட அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டனர் தொழிலாளர். செங்கொடிச் சங்கத்தைக் கைவிட மறுத்தனர். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கமாக அணிதிரண்டு, வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை நடத்த முற்பட்டனர். இவற்றுக்கெல்லாம் அடியில் சாதி இருந்தது. தனியொருவனின் உள்ளக்கோளாறு காரணமென நினைவில் பதியுமாயின், வயலும் கூலியும் சேரியும் பின்னே மறைந்துவிடும். நம் அமைப்புகள் குற்றமற்றவையாகத் தோன்றும். இத்திரிபு மறதியால் வந்ததன்று. நமக்கு ஆறுதல் தருவதால் வந்தது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். நினைவு திரியக்கூடியதாயின், தப்பிப் பிழைத்தோரின் சாட்சியும் ஐயத்துக்குரியதன்றோ? பதற்றத்திலும் இருளிலும், யார் எங்கே நின்றார் என்பது போன்ற நுண்விவரங்கள் பிறழலாம். ஆனால் என்ன நேர்ந்தது என்னும் சாரம் அவற்றைவிட உறுதியாக நிற்கும். திரிபு சாட்சிக்கு மட்டும் உரியதுமன்று. 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் மிராசுதார்கள் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது; 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. செல்வமும் மதிப்பும் உடையோர் தாமே நேரில் சென்று தீவைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்ற எண்ணம் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. ஏழையின் நினைவு சோதிக்கப்பட்டது. செல்வரைப் பற்றிய முன்னெண்ணமோ சோதிக்கப்படவில்லை. பார்ட்லெட் கண்ட அச்சு, சாட்சிக் கூண்டில் மட்டுமன்றி நீதியின் இருக்கையிலும் இருக்கக்கூடும்.

திருமறை இதை நன்கறியும். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுகின்றனர், செங்கற்சூளையை நினைக்கவில்லை. அவர்கள் கூறிய உணவு பொய்யன்று, விடுபட்டதே பொய்யாயிற்று. மத்தேயு 2ஆம் அதிகாரமோ வேறு வழி செல்கிறது. ஏரோதின் கலக்கத்தைச் சொல்லும் நற்செய்தியாளர், எருசலேம் நகரும் அவனோடு கலங்கியது என்று சேர்த்தே எழுதுகிறார். பெத்லகேம் குழந்தைகளின் சாவை ஒரு மன்னனின் மனநோயாகச் சுருக்காமல், அரியணையும் தலைநகரும் சேர்ந்த அச்சத்தினுள்ளே வைக்கிறார். பிறப்பின் செய்தியிலிருந்து அச்சாவை அவர் நீக்கவுமில்லை.

‘குருதிப்புனலை’ ஒதுக்கிவிடுங்கள் என்று யாம் கூறவில்லை. அதனோடு சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ நாவலையும் படியுங்கள்; தப்பியோர் பேசும் ‘ராமையாவின் குடிசை’ என்னும் பாரதி கிருஷ்ணகுமாரின் ஆவணப்படத்தையும் காணுங்கள். வெண்மணியைப் பிரசங்கத்தில் எடுத்தாளும் ஆயர், தாம் சொல்லப்போவது எங்கிருந்து வந்தது, அதில் விடுபட்டவர் யார், அவ்விடுபாடு யாருக்கு ஆறுதல் தருகிறது என்று முதலில் தம்மையே கேட்கவேண்டும். நற்கருணையில் நாம் ஆண்டவரை நினைவுகூரும்போது, அவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவையும் சொல்லியே தொடங்குகிறோம். நம் வெட்கத்தை நீக்கிவிட்டு நினைவுகூர நமக்கு உரிமை அளிக்கப்படவில்லை. டிசம்பர் 25இன் இரவுக்கும் அவ்விதியே பொருந்தும்.