காலநிலை மாற்றம் நன்மையா, தீமையா? நிகரக் கணக்கு வாதம்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

காலநிலை மாற்றம் மனித வாழ்நிலையைக் கெடுக்கிறதா, மேம்படுத்துகிறதா என்னும் வினா புதியதன்று. கரியமில வாயு மிகுவதால் குளிர்நாடுகளின் தட்பவெப்பம் இதமாகி விளைச்சல் பெருகும் என்று சுவீடன் அறிவியலாளர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். வடநிலங்களில் வேளாண்மை விரிவடையும், பனியூழி மீள்வது தள்ளிப்போகும் என்று 1938-இல் இங்கிலாந்தின் கை காலெண்டரும் கருதினார். இருவரும் குளிர்நாட்டிலிருந்து உலகை நோக்கியவர்கள் என்பது கருதத்தக்கது. இவ்வெதிர்பார்ப்பு இன்று புள்ளிவிவர வடிவில் மீண்டும் முன்வைக்கப்படுகிறது. அத்தரவுகளை மறுக்காமல், அவற்றிலிருந்து பெறப்படும் முடிவை மட்டும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இறப்புக் கணக்கு

வெப்பத்தால் இறப்போரைவிடக் குளிரால் இறப்போரே மிகுதி என்பது டென்மார்க்கைச் சேர்ந்த பியோர்ன் லோம்போர்க் 'கூல் இட்' (2007) நூலில் முன்வைக்கும் வாதங்களுள் ஒன்று. 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் 2021-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு வலுவூட்டுவதாகத் தோன்றும். 43 நாடுகளின் 750 இடங்களிலிருந்து திரட்டிய தரவுகளைக்கொண்டு உலகளவில் மதிப்பிட்ட அவ்வாய்வின்படி, 2000 முதல் 2019 வரையிலான இறப்புகளில் 8.52 விழுக்காடு குளிரோடும் 0.91 விழுக்காடு வெப்பத்தோடும் தொடர்புடையவை. வெப்ப இறப்பின் பங்கு கூடியதைவிடக் குளிர் இறப்பின் பங்கு குறைந்ததே அதிகம். கூட்டிக் கழித்தால் நன்மை வாதமே வெல்கிறது.

ஆயின் அதே ஆய்வில் குளிர்சார் இறப்பு வீதம் மிக உயர்ந்து காணப்படுவது சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில். பெரும்பகுதி வெப்பமண்டலமான அந்நிலப்பரப்பில் குளிர் இறப்பு மிகுவதைத் தட்பவெப்பத்தால் மட்டும் விளக்க இயலாது. உறைவிடம், ஊட்டம், மருத்துவ வசதி ஆகியவற்றையும் கருதவேண்டும். அவ்வாறெனில், அவ்விறப்புகளுக்குத் தீர்வாகப் புவி வெப்பமடைதலைச் சுட்டுவது பொருந்தாது.

மற்றொன்று, கழித்தல் முறை பற்றியது. 2010 மே மாத வெப்ப அலையின்போது அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அவ்விழப்பை வேறொரு நாட்டின் மிதமான குளிர்காலம் எண்ணளவில் சமன்செய்யலாம். இழந்த குடும்பங்களுக்கு அது ஈடாகாது. அந்நகர் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்ததற்குக் காரணம் உலகச் சராசரியன்று. தன் மக்களின் இறப்பே.

பசுமையும் ஊட்டமும்

நன்மை வாதத்தின் மற்றொரு தூண், புவியின் பசுமை. 1982 முதல் 2009 வரை உலகத் தாவரப் பரப்பின் 25 முதல் 50 விழுக்காட்டுப் பகுதியில் பசுமை கூடியது என்றும், கரியமில வாயு மிகுந்ததே அதன் முதன்மைக் காரணம் என்றும் 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அவ்வாயு மிகுந்த சூழலில் விளையும் கோதுமை, நெல் மணிகளில் துத்தநாகமும் இரும்புச்சத்தும் குறைவதை 2014-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு நிறுவியுள்ளது. பருப்பும் இறைச்சியும் வாங்க இயலாது, தானியத்தையே பெரிதும் நம்பி உண்போருக்கு இக்குறைவு நேரடி இழப்பாகும். இலைப்பரப்பை அளக்கும் செயற்கைக்கோள் இதைக் காட்டாது.

முடிவுரை

காலநிலை மாற்றத்தால் எவர்க்கும் எந்நன்மையும் இல்லை என மறுப்பது ஆய்வு நெறியாகாது. நன்மைகள் உள்ளன. ஆனால் அவற்றைப் பெறுவோரும் தீமையைச் சுமப்போரும் ஒருவரல்லர். 'மனித வாழ்நிலை' என்னும் ஒருமைச் சொல் இவ்வேறுபாட்டை மறைப்பதாலேயே நிகரக் கணக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆகவே, எவ்வளவு நன்மை என்பதோடு, எவருக்கு, எங்கே, எவர் இழப்பில் என்பவற்றையும் சேர்த்து வினவும் ஆய்வுகளே இவ்விவாதத்தை முன்னெடுத்துச் செல்லும்.